தனியார் சத்திரசிகிச்சை நிலையங்கள் வந்தால் வைத்தியசாலை வரிசை குறையுமா?

கேள்வி:
கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 2023இல் சட்டமூலம் 60 நிறைவேறியதோடு இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றையும் தனியார் நிலையங்களில் செய்ய வழி திறந்தார்கள். செலவு ஓஹிப்பில்தான் (OHIP, மாகாணத்தின் பொதுச் சுகாதாரக் காப்புறுதி). அப்படியென்றால் பொது வைத்தியசாலையில் வரிசை குறையத்தானே வேண்டும்? ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

பதில் 1:
கட்டடம்தான் புதிது, வேலை செய்பவர்கள் அதே ஆட்கள். ஒரு சத்திரசிகிச்சைக் கூடம் ஓட நிபுணர், மயக்க மருந்து வைத்தியர், கருவி எடுத்துக் கொடுக்க ஒரு தாதி, வெளியிலிருந்து பொருள் கொண்டுவர இன்னொரு தாதி, மயக்கம் தெளியும் பகுதிக்கு ஒருவர் வேண்டும். தனியார் நிலையத்தில் இரவு வேலையும் இல்லை, அவசர அழைப்பும் இல்லை. அனுபவமுள்ள தாதிமார் அங்கே போனால் வைத்தியசாலைக் கூடம் பூட்டிக் கிடக்கும். இடுப்பெலும்பு முறிந்தவருக்கு 48 மணித்தியாலத்துக்குள் செய்ய வேண்டியது அந்தக் கூடத்தில்தான்.

கண்புரையை இதோடு சேர்க்காதீர்கள். பெரும்பாலும் சொட்டு மருந்தால் கண்ணை மரக்கச் செய்து முடித்துவிடலாம், மயக்க மருந்து வைத்தியரின் நேரம் அவ்வளவு போகாது. அது வெளியே போவதில் எனக்கு மறுப்பில்லை. மூட்டு மாற்றில்தான் பயம்.

பதில் 2:
ஆட்களோடு, நோயாளித் தெரிவையும் பாருங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு இல்லாத நிலையம் வேறு நோய் இல்லாதவர்களைத்தான் எடுக்கும், எடுக்கவும் வேண்டும். இதய நோய், கட்டுப்படாத நீரிழிவு, தூக்கத்தில் மூச்சடைப்பு உள்ளவர்கள் வைத்தியசாலைக்கு மிஞ்சுகிறார்கள். ஒவ்வொருவருக்கும் கூடத்திலும் கட்டிலிலும் நேரம் கூடும். பிறகு இரண்டு இடத்துச் சராசரிச் செலவையும் பக்கத்தில் வைத்து, "வைத்தியசாலை விலை கூட" என்பார்கள். அந்த ஒப்பீடு பிழை. வீட்டுக்குப் போனபின் காலில் இரத்தம் கட்டினாலோ காயத்தில் கிருமி தொற்றினாலோ, போய் நிற்பது வைத்தியசாலை அவசரப் பிரிவில். அந்தச் செலவும் நிலையத்தின் கணக்கில் வராது. இலகுவான சிகிச்சைகள் வெளியே போனால், பயிற்சி வைத்தியர்கள் எதில் கை பழகுவார்கள்?

பதில் 3:
நோயாளி பக்கத்துக்கு ஒன்று. கண்புரைக்குக் கண்ணுக்குள் வைக்கும் சாதாரண வில்லை (லென்ஸ்) ஓஹிப்பில் அடங்கும். விசேட வில்லைக்குக் காசு கேட்கலாம், ஆனால் "வேண்டாம்" என்றவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. காசு கட்டினால் திகதி முன்னுக்கு வரும் என்று சொன்னால் அது சட்டவிரோதம். ஒவ்வொரு கட்டணமும் எதற்கு என்று எழுத்தில் வாங்குங்கள். பற்றுச்சீட்டோடு மாகாண சுகாதார அமைச்சில் முறையிடலாம். கையெழுத்து வைக்க முதல் கேளுங்கள், சத்திரசிகிச்சை அன்று காலையில் அல்ல.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அப்போ வரிசை குறைகிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது?

பதில் 1:
நிலையம் எத்தனை செய்தது என்பதை வைத்து அல்ல. மாகாணம் முழுவதிலும் முழங்கால் மாற்று 182 நாளுக்குள், அதாவது காத்திருப்புக்கான இலக்குக்குள், கிடைத்தவர்களின் வீதத்தைப் பாருங்கள். அதே காலத்தில் வைத்தியசாலைக் கூடங்கள் எத்தனை மணித்தியாலம் ஓடின என்பதையும் பாருங்கள். இரண்டாவது குறைந்திருந்தால், வேலை இடம் மாறியிருக்கிறது, கூடவில்லை.