ஊபே சிஃபான் கேக்கின் அடிப்பகுதி களியாகிறது, என்ன செய்யலாம்?

வணக்கம் உறவுகளே. ஸ்கார்பரோவில் என்னோடு வேலை செய்யும் பிலிப்பினோ அக்காவுக்குப் பிறந்தநாள் வருகிறது, அவருக்கு ஊபே சிஃபான் கேக் செய்து கொடுக்க வேண்டும் என்று ரொம்ப ஆசை. ஊபே வேறொன்றுமில்லை, நம் ராசவள்ளிக் கிழங்குதான். பிலிப்பினோ கடையில் துருவி உறைய வைத்த பாக்கெட்டாகக் கிடைக்கிறது.

அதை அவித்து மசித்து, மஞ்சள் கரு, எண்ணெய், தேங்காய்ப்பால், மாவோடு கலந்து, வெள்ளைக் கருவைத் தனியாக நுரைக்க அடித்துச் சேர்க்கிறேன். நடுவில் குழாய் உள்ள தட்டுதான், எண்ணெய் பூசுவதில்லை, வெந்ததும் கவிழ்த்துத்தான் ஆற வைக்கிறேன். மேலே பஞ்சு மாதிரி வருகிறது, ஆனால் வெட்டிப் பார்த்தால் அடியில் ஒரு விரல் தடிப்புக்கு ஈரக் களி! கிழங்கில் தண்ணீர் கூடுதலா, அல்லது வெள்ளைக் கரு போதவில்லையா?

அப்புறம் நிறம். மாவில் அழகான ஊதா, வெந்தபின் சாம்பல். சோடா சேர்த்தால் இந்த ஊதா நீலப் பக்கம் போகும் என்பதால் பேக்கிங் பவுடர் மட்டும்தான் போடுகிறேன். எலுமிச்சைச் சாறு கொஞ்சம் விட்டால் நிறம் நிற்குமா? செயற்கை நிறமும் எசன்ஸும் இல்லாமல் செய்தவர்கள் இருந்தால், கிழங்கும் மாவும் என்ன அளவு என்று தயவுசெய்து சொல்லுங்கள்.