பழைய கிளிக் கீபோர்டு: சில விசைகள் இரட்டிக்கின்றன, சில விசைகள் ஒலிப்பதில்லை. எந்த சுவிட்ச் வாங்குவது?

குளிர்மேடு (கியூர்பிப்)

அனைவருக்கும் வணக்கம். மொரீஷியஸில் எங்கள் கோவில் சபை அலுவலகத்தில் 1990களின் தொடக்கத்தில் வாங்கிய தைவான் கீபோர்டு ஒன்று இருக்கிறது. 101 விசைகள், ஒவ்வொன்றின் கீழும் தட்டினால் 'டக்' என்று ஒலிக்கும் தனிச் சுவிட்ச், சுருள் கம்பி, ஐந்து ஊசிகள் கொண்ட உருண்டை பிளக். பிளக்கை மாற்றித் தரும் ஒரு துண்டு, அதன் பின்னால் யூஎஸ்பி மாற்றி என்று ஒரு ரயில் வண்டியே கோத்து இன்றைய கணினியில் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். அறிவிப்பு, ரசீது, மாலை வகுப்புப் பாடம் எல்லாம் தமிழ்99 முறையில் இதில்தான் தட்டச்சு செய்கிறேன்.

இப்போது இரண்டு தொல்லைகள். முதலாவது, சில விசைகள் ஒருமுறை தட்டினால் இருமுறை விழுகின்றன. தமிழ்99 தட்டுபவர்களுக்கு இதன் கொடுமை புரியும். ஒரே மெய்யை அடுத்தடுத்து இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகவே புள்ளி வந்துவிடும் அல்லவா? தைப்பூசக் காவடி அறிவிப்பில் 'பால்குடம்' என்று தட்டியது 'பால்குட்டம்' ஆகி நின்றது. அச்சுக்குப் போகும் முன் தலைவர் ஐயா பார்த்துவிட்டார். எழுத்துப்பிழை திருத்தியும் பல நேரம் உதவுவதில்லை. 'படம்' 'பட்டம்' ஆனால் இரண்டும் நல்ல சொற்கள்தானே!

இரண்டாவது, இடதுபக்கம் சில விசைகளில் அந்த 'டக்' ஒலியே போய்விட்டது. எழுத்து மட்டும் விழுகிறது.

போர்ட் லூயியில் ஒரு கடையில் காட்டினேன். 'எல்லா சுவிட்சையும் எடுத்துவிட்டு நீல சுவிட்ச் போட்டுவிடலாம்' என்றார்கள். தேடிப் பார்த்தால் செர்ரி புளூ, கேட்டரான் புளூ, கைல் பாக்ஸ் ஒயிட், பாக்ஸ் ஜேட் என்று பட்டியல் நீள்கிறது. எதை எடுப்பது? ஒலி நன்றாகக் கேட்க வேண்டும். விசைமூடிகளை மாற்ற முடியாது. அவற்றின்மேல் தமிழ் எழுத்துகளைப் பழைய செயலாளர் ஐயா தம் கையால் வரைந்து வைத்திருக்கிறார். 'புதுக் கீபோர்டு வாங்குங்கள்' என்ற அறிவுரையைத் தயவுசெய்து தவிர்க்கவும். அது வீட்டிலேயே தினமும் கிடைக்கிறது.

இடிமுழக்கம்

பாக்ஸ் ஜேட் போடுங்கள். பக்கத்துத் தெருவுக்கும் கேட்கும்.

ஈயக்கம்பி (ரோஸ் ஹில்)

அக்கா, எதையும் வாங்குவதற்கு முன் ஒரு விசைமூடியை மட்டும் மேல்நோக்கி இழுத்துக் கழற்றிப் பாருங்கள். உள்ளே நிற்கும் தண்டின் தலை கூட்டல் குறி போல இருக்கிறதா, நீள்சதுரமாக இருக்கிறதா? சுவிட்சின் கூட்டில் ஏதாவது எழுதியிருக்கிறதா?

இன்னொரு கேள்வி. இரட்டிப்பது எப்போதும் அதே விசைகள்தானா? குறிப்பிட்ட சில விசைகள் மட்டும் என்றால் கோளாறு சுவிட்சில். ஒரு வரிசை முழுவதும் என்றால் சர்க்யூட் போர்டின் தடத்தையோ பற்றவைப்பையோ பார்க்க வேண்டும். எங்கே வேண்டுமானாலும் தாறுமாறாக விழுகிறது என்றால் அந்த யூஎஸ்பி மாற்றியைத்தான் முதலில் சந்தேகிப்பேன்.

குளிர்மேடு (கியூர்பிப்)

நீள்சதுரம். வெள்ளை நிறம். கூட்டின்மேல் ஆங்கிலத்தில் 'ஆல்ப்ஸ்' என்று சிறிய எழுத்தில் இருக்கிறது. இரட்டிப்பவை எப்போதும் ட, க இரண்டும்தான். மழைக்காலத்தில் ம-வும் சேர்ந்துகொள்ளும். ஒலி போனவை அ விசையும் புள்ளி விசையும்.

ஈயக்கம்பி (ரோஸ் ஹில்)

அப்படியானால் கடைக்காரர் சொன்ன நீல சுவிட்ச், ஜேட், ஒயிட் எதுவும் இதில் உட்காராது. அவை எல்லாம் கூட்டல் குறித் தண்டுள்ள செர்ரி வகை; உங்களுடையது ஆல்ப்ஸ் வகை. செர்ரி வகைக்கு, சுவிட்சுகளைப் பிடித்து நிற்கும் இரும்புத் தகட்டில் 14 மில்லிமீட்டர் சதுரத் துளை வேண்டும். ஆல்ப்ஸுக்கான துளை ஏறக்குறைய 15.5க்கு 12.8 மில்லிமீட்டர். ஒரு பக்கம் ஆடும், மறுபக்கம் நுழையவே நுழையாது. போர்டில் ஊசிகள் இறங்கும் இடங்களும் வேறு. தகட்டை அராவி எப்படியோ திணித்தாலும், செயலாளர் ஐயா வரைந்த மூடிகள் கூட்டல் குறித் தண்டில் ஏறாது. எனவே 'எந்த ஒலி நல்லது' என்பது உங்கள் விஷயத்தில் இரண்டாவது கேள்வி. தண்டின் வடிவமே பாதியைத் தீர்மானித்துவிட்டது.

இனி முக்கியமானது. உங்கள் இரண்டு தொல்லைகளும் சுவிட்சின் இரண்டு வெவ்வேறு உறுப்புகளில் இருக்கின்றன. அந்தப் பழைய ஆல்ப்ஸுக்குள் தண்டு, சுருள்வில் தவிர இரண்டு சிறிய துண்டுகள் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும். ஒன்று கிளிக் தகடு. தண்டு இறங்கும்போது அது வளைந்து, சட்டென்று விடுபட்டு அடிக்கிறது. ஒலியும் விரலுக்குத் தெரியும் அந்தச் சிறு தடையும் அதிலிருந்துதான். மின்சாரத்துக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. அதனால்தான் ஒலி போன பிறகும் எழுத்து விழுகிறது. மற்றொன்று தொடர்புத் துண்டு. அதன் உள்ளே மெல்லிய உலோக இதழ்கள் தொட்டுப் பிரிகின்றன. அங்கே தூசியோ ஈரமோ படிந்தால் தொடுகை ஒரே அழுத்தில் விட்டுவிட்டு நிகழும். கணினி அதை இரண்டு தட்டு என்று எடுத்துக்கொள்கிறது. கியூர்பிப் மழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, 101 சுவிட்ச் வாங்க வேண்டாம். கீபோர்டிலேயே உதிரிபாகம் இருக்கிறது. ஸ்க்ரோல் லாக், பாஸ் (Pause) போன்றவற்றை யார் தொடுகிறார்கள்? அவற்றின் உள்ளுறுப்புகள் புதிது போலவே இருக்கும்.

ஒலியை மீட்கச் சால்டரிங் (ஈயம் உருக்கிப் பற்றவைத்தல்) தேவையில்லை. ஆல்ப்ஸின் பெரிய வசதி இது: போர்டில் பற்றவைத்தபடியே மேல்கூட்டைத் திறக்கலாம். கூட்டின் பக்கங்களில் உள்ள கொக்கிகளை இரண்டு மெல்லிய ஊசிகளாலோ, வளைத்த பேப்பர் கிளிப்பாலோ ஒரே நேரத்தில் உள்ளே தள்ளினால் மேல்பாகம் தண்டோடும் வில்லோடும் எழும்பி வரும். அவசரப்பட்டால் கொக்கி முறியும். அ விசையின் கிளிக் தகட்டையும் ஸ்க்ரோல் லாக்கின் கிளிக் தகட்டையும் இடம் மாற்றுங்கள். திரும்ப வைக்கும்போது கிளிக் தகடு, பற்றவைத்து நிற்கும் தொடர்புத் துண்டுக்கு எதிர்ப்பக்கம் வர வேண்டும்.

இரட்டிப்புக்கு மட்டும் சால்டரிங் வேண்டும். போர்டுக்குள் இறங்கும் இரண்டு கால்களும் தொடர்புத் துண்டின் கால்கள்தாம். அதைப் பற்றி, நீங்கள் முதல் வேலையை முடித்துவிட்டு வாருங்கள், சொல்கிறேன்.

மாலைவகுப்பு

அதுவரை விண்டோஸில் உள்ள ஃபில்டர் கீஸ் வசதியைப் போட்டு வைக்கலாமே? விரைவாக மீண்டும் விழும் தட்டை அது புறக்கணித்துவிடும்.

ஈயக்கம்பி (ரோஸ் ஹில்)

ஆங்கிலம் மட்டும் தட்டுபவருக்கு ஓரளவு சரி. அதில் குறைந்தபட்ச இடைவெளியே அரை விநாடி. தமிழ்99இல் 'பக்கம்', 'பாட்டு', 'அம்மா' எல்லாம் ஒரே விசையை விறுவிறுவென்று இரண்டு முறை தட்டித்தான் வருகின்றன. அரை விநாடி காத்திருந்தால் பால்குட்டம் சரியாகும், பட்டர் 'படர்' ஆகிவிடுவார். லினக்ஸில் இதே வசதிக்கு நேரத்தை மில்லிவிநாடிக் கணக்கில் குறைக்க முடியும். அங்கே வேண்டுமானால் முயலலாம்.

இடிமுழக்கம்

ஸ்க்ரோல் லாக்கோடு நிறுத்துவானேன்? ஔ விசையையும் பிரித்து எடுங்கள். தமிழில் ஔவையாருக்கும் ஔடதத்துக்கும் தவிர அதற்கு என்ன வேலை?

குளிர்மேடு (கியூர்பிப்)

ஔ இருப்பது ஆங்கில இசட் விசையில், தம்பி. நன்கொடையாளர்களுக்குக் கடிதம் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில்தான் போகிறது. கிரியோலில் இசட் இல்லாமல் இரண்டு வரி எழுதிக் காட்டுங்கள், பிறகு பிரிக்கிறேன்.

அலையோரம் (மேபூர்)

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் உள்ளது செர்ரி ஜி80-3000 கீபோர்டு. தண்டு கூட்டல் குறிதான், பார்த்துவிட்டேன். எனக்கும் சில சுவிட்ச் மாற்ற வேண்டும். ஈயக்கம்பி அண்ணா, ஜேட் போடலாமா?

ஈயக்கம்பி (ரோஸ் ஹில்)

போடலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஜி80-3000இல் இரும்புத் தகடு கிடையாது. சுவிட்சுகள் நேராகப் போர்டில் நிற்கின்றன. எனவே ஐந்து கால் சுவிட்ச் வாங்குங்கள். இரண்டு உலோகக் கால், நடுத்தூண், இருபுறமும் பிளாஸ்டிக் முளை. மூன்று கால் வகையை வாங்கினால் பிடிப்பு இல்லாமல் கோணலாக நிற்கும்.

ஒலியைப் பொறுத்தவரை, செர்ரி புளூவில் தண்டைச் சுற்றியுள்ள வெள்ளைத் துண்டு கீழே பாய்ந்து அடிக்கிறது. கிளிக் இறங்கும்போது மட்டும்தான். கைல் பாக்ஸ் வகையில் ஒரு சிறிய வளைகம்பி மீட்டப்படுகிறது. இறங்கும்போதும் ஏறும்போதும் கேட்கும். ஒயிட்டில் அந்தக் கம்பி மெல்லியது. ஜேட், நேவி இரண்டிலும் தடித்தது, நேவியில் வில் இன்னும் கனம். பழைய கிளிக்கின் கூர்மை பிடித்தவர்களுக்கு ஜேட் பிடிக்கும் என்பது என் கருத்து. புளூவின் ஒலி எனக்குச் சலசலப்பாகவே படுகிறது. பாக்ஸில் தொடுகைப் பகுதி ஒரு பெட்டிக்குள் இருப்பதால் கடற்காற்று அடிக்கும் மேபூருக்கு அது கூடுதல் பலன். தொடக்க காலத்தில் வந்த பாக்ஸ் தண்டுகள் சற்றுப் பருத்திருந்து விசைமூடிகளை விரியச் செய்தன. பின்னர் அச்சைத் திருத்திவிட்டார்கள். எங்கோ கிடந்த பழைய சரக்கை மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள்.

எல்லாவற்றையும் மாற்றவில்லை என்றால் மட்டும் ஜேட் வேண்டாம். இப்போது இருப்பவை புளூ என்றால், அவற்றுக்கு நடுவே நான்கு ஜேட் இருந்தால் விரலும் காதும் ஒவ்வொரு முறையும் தடுக்கி விழும். அப்போது செர்ரி புளூவே எடுங்கள்.

குளிர்மேடு (கியூர்பிப்)

அ விசையும் புள்ளி விசையும் ஒலிக்கின்றன! பேப்பர் கிளிப் போதவில்லை; மெல்லிய தையல் ஊசிகளால் திறந்தேன். உள்ளே பழுப்பாக ஒரே தூசி. அ விசையின் தகடு மற்றதைவிடத் தட்டையாகத் தெரிந்தது. அந்தத் தகடு இப்போது ஸ்க்ரோல் லாக்கில் ஊமையாக இருக்கிறது.

மிகுந்த நன்றி. இனி ட, க. தண்டுகள் சொரசொரவென்று இறங்குகின்றன, அதில் தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டு விடலாமா?

ஈயக்கம்பி (ரோஸ் ஹில்)

எண்ணெய் கூடவே கூடாது. தூசியை அழைத்து உட்காரவைக்கும்; கிளிக் தகட்டில் பட்டால் இப்போது மீட்ட ஒலியும் போய்விடும். தண்டையும் மேல்கூட்டையும் சோப்பு நீரில் கழுவி நிழலில் நன்றாக உலரவிட்டு மாட்டுங்கள். பாதிச் சொரசொரப்பு அதிலேயே போகும்.

ட, க இரண்டுக்கும் முதலில் ஒன்றைச் செய்து பாருங்கள். கம்பியைக் கணினியிலிருந்து கழற்றிவிட்டு, மேல்கூட்டைத் திறந்து, தொடர்புத் துண்டின் பக்கம் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஓரிரு சொட்டு விட்டு, தண்டை வைத்துப் பலமுறை அழுத்துங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு சோதியுங்கள். சில சமயம் இதுவே போதும். சில சமயம் அடுத்த மழையில் திரும்பி வரும்.

திரும்பி வந்தால் சால்டரிங். அந்தக் காலத்து மலிவுப் போர்டுகளில் செம்புத் தடம் சூட்டில் எளிதில் உரிந்து வரும். பழைய ஈயத்தின்மேல் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்கி, பம்பால் உறிஞ்ச வேண்டும். பழக்கம் இல்லாமல் இதில் கை வைக்காதீர்கள். பாஸ் விசையின் சுவிட்சை அப்படியே எடுத்து ட-வுக்குப் பற்றவைத்துவிடலாம்.

குளிர்மேடு (கியூர்பிப்)

சோப்பும் ஆல்கஹாலும் என்னால் முடியும். ஈயம் முடியாது. கையிருப்புக்குப் புது ஆல்ப்ஸ் சுவிட்ச் கொஞ்சம் வாங்கி வைக்கலாமா? கிடைக்குமா?

ஈயக்கம்பி (ரோஸ் ஹில்)

ஆல்ப்ஸ் நிறுவனம் இந்தச் சுவிட்சுகளை நிறுத்திப் பல காலம் ஆகிறது. அதே துளையில் உட்கார்ந்து, அதே நீள்சதுர மூடியைத் தாங்கும் புதிய வகை என்றால் கனடாவின் மேட்டியாஸ் கிளிக். தொடர்புப் பகுதி பிற்கால எளிய அமைப்பைச் சேர்ந்தது, ஒலியும் கொஞ்சம் மாறுபடும். சொல்லிவிடுகிறேன், அதிலும் இரட்டிப்பதாகப் பயனர்கள் குறைகூறுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முழுக் கீபோர்டையும் அதற்கு மாற்றச் சொல்ல மாட்டேன். தபால் செலவு தாங்கும் என்றால் ஒரு கைப்பிடி வாங்கி, அதிகம் தட்டாத எண்பலகைப் பக்கம் போட்டுவிட்டு, அங்கிருந்து வரும் அசல் ஆல்ப்ஸை எழுத்து விசைகளுக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

பழைய பொருள் சந்தைகளில் அதே காலத்துக் கீபோர்டு ஏதாவது கிடைத்தால் அதைவிடவும் நல்லது. மூடியைக் கழற்றி, நீள்சதுரத் தண்டும் கூட்டில் ஆல்ப்ஸ் எழுத்தும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எழுத்து இல்லாவிட்டால் அது நகலாக இருக்கலாம். உறுப்புகள் பொருந்தும் என்று நம்ப முடியாது.

ஆல்கஹாலுக்குப் பிறகும் ட இரட்டித்தால் கீபோர்டை ரோஸ் ஹில்லுக்கு எடுத்து வாருங்கள் அக்கா, பற்றவைத்துத் தருகிறேன். விசைமூடிகளை மட்டும் முன்பே கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள். அவற்றின்மேல் ஈயத் துளி தெறித்தால் செயலாளர் ஐயாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.