மேக்கில் 940 ஜிபி, விண்டோஸில் 931 ஜிபி: கோப்புகள் வன்தட்டில் அடங்குமா?

கேள்வி

வணக்கம். நான் பணிபுரியும் ஒளிப்பட நிலையத்தின் மேக் கணினியில், இதுவரை எடுத்த திருமணப் படங்களும் காணொளிகளும் உள்ள கோப்புறையின் அளவு 940 ஜிபி என்று காட்டுகிறது. அதைப் படியெடுத்து வைப்பதற்காக 1 டிபி என்று அச்சிட்ட வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி வீட்டு விண்டோஸ் கணினியில் இணைத்துப் பார்த்தால், மொத்தக் கொள்ளளவே 931 ஜிபி என்று வருகிறது. 940 எப்படி 931-க்குள் அடங்கும்? இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 2 டிபி வாங்க வேண்டுமா? வன்தட்டை விட்டுவிட்டு, நிலையத்திலுள்ள 100 எம்பிபிஎஸ் வலையமைப்பு வழியாக வேறொரு கணினிக்கு அனுப்பினால் எவ்வளவு நேரமாகும் என்பதையும் கணக்கிடும் முறையோடு யாரேனும் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

எல்லா வன்தட்டும் அப்படித்தான், ஐயா. ஃபார்மட் செய்யும்போது கொஞ்சம் இடம் அதற்கே போய்விடும். 2 டிபி வாங்கிவிடுங்கள்.

மறுமொழி 2

முந்தைய மறுமொழியோடு உடன்பட இயலவில்லை. ஃபார்மட் செய்வதற்குச் செலவாகும் இடம் இந்த அளவு வன்தட்டில் மிகச் சொற்பம். 69 ஜிபி அதில் போவதில்லை. எந்த இடமும் காணாமற்போகவில்லை என்பதே உண்மை. இரு கணினிகளும் ஜிபி என்ற ஒரே பெயரால் இரு வேறு அளவுகளைச் சொல்கின்றன.

வன்தட்டு தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட் என்றும், ஒரு டிபியை ஒரு லட்சம் கோடி பைட் என்றும் கொள்கிறார்கள். ஆப்பிளும் 2009-இல் வெளிவந்த ஸ்னோ லெப்பர்ட் பதிப்பிலிருந்து மேக்கில் இந்தப் பதின்மக் கணக்கையே பின்பற்றுகிறது. விண்டோஸோ, 1,024-ஐ மூன்று முறை பெருக்கினால் வரும் 1,07,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. நினைவகச் சில்லுகளில் ஒவ்வொரு முகவரிக் கம்பியும் கொள்ளளவை இரட்டிப்பாக்குவதால், பத்துக் கம்பிகளுக்கு 1,024 இடங்கள் கிடைக்கின்றன. ஆகவே ரேமுக்கு அந்தக் கணக்கு இயல்பாகப் பொருந்துகிறது. வன்தட்டுக்கு அப்படியொரு கட்டாயம் கிடையாது.

ஆகவே ஓர் அலகிலிருந்து இன்னோர் அலகுக்கு நேரே தாவாமல், இரண்டையும் முதலில் பைட்டாக்கிவிட்டு ஒப்பிடுங்கள். உங்கள் கோப்புறை 94,000 கோடி பைட். 1 டிபி என்று விற்கப்படும் வன்தட்டுகளில் வழக்கமாக 10,00,20,48,86,016 பைட், அதாவது 1,00,020 கோடி பைட்டுக்குச் சற்று மேலாக இருக்கும். எனவே தாராளமாக அடங்கும்; ஏறத்தாழ 60 ஜிபி மிஞ்சவும் செய்யும். இதே கோப்புறையை விண்டோஸ் 875 ஜிபி என்று காட்டும். மேக்கின் ஜிபியை 0.931-ஆல் பெருக்கினால் விண்டோஸின் ஜிபி கிடைக்கும். டிபியாக இருந்தால் 0.909-ஆல் பெருக்க வேண்டும். அலகு பெரிதாகப் பெரிதாக இந்த இடைவெளியும் பெருகும்: கேபியில் 2.4 விழுக்காடாக இருப்பது டிபியில் ஏறக்குறைய 10 விழுக்காடாகிவிடுகிறது.

மறுமொழி 3

மேலே சொன்னது சரியே. ஆனால் உலகில் இந்த இரண்டு கணக்குகள் மட்டும்தான் உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். பழைய 1.44 எம்பி ஃபிளாப்பியில் இரு பக்கங்கள், பக்கத்துக்கு 80 தடங்கள், தடத்துக்கு 18 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட் என 14,74,560 பைட் இருந்தது. இதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47 வரும், 1,024-ஆல் இருமுறை வகுத்தால் 1.41 வரும். 1.44 வர வேண்டுமானால் ஒருமுறை 1,024-ஆலும் இன்னொரு முறை 1,000-ஆலும் வகுக்க வேண்டும். இப்படியும் ஓர் எம்பி பல ஆண்டுகள் பெட்டிகளின் மேல் அச்சாகி விற்றது!

இக்குழப்பத்தைத் தீர்க்கவே சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1998-இல் 1,024 கணக்குக்கென்று கிபிபைட், மெபிபைட், ஜிபிபைட் என்ற தனிப் பெயர்களை ஏற்றது. லினக்ஸ் கருவிகள் பலவற்றில் அவற்றைக் காணலாம். விண்டோஸ் தன் கோப்புச் சாளரங்களில் இன்றளவும் பழைய பெயரையே எழுதுவதால், நடைமுறையில் அந்தத் தீர்வு பாதியிலேயே நிற்கிறது என்பது என் கருத்து.

மறுமொழி 4

நேரம் பற்றிய கேள்விக்கு யாரும் விடை தரவில்லை. வலையமைப்பின் வேகம் பிட்டில் சொல்லப்படுகிறது, பைட்டில் அன்று. அங்கே எப்போதும் பதின்மக் கணக்குதான். 100 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 10 கோடி பிட். ஒரு பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் 94,000 கோடி பைட் 7,52,000 கோடி பிட் ஆகும். அதை 10 கோடியால் வகுத்தால் 75,200 நொடி, அதாவது 20 மணி 53 நிமிடம். ஒவ்வொரு தரவுப் பொதியும் தன் தலைப்புத் தகவலையும் சுமந்து செல்வதால் ஐந்து விழுக்காடு வரை வீணாகும். 22 மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே நலம். இரு கணினிகளும் இடையிலுள்ள சுவிட்சும் கிகாபிட் வேகத்தை ஏற்குமானால், வன்தட்டுகளும் ஈடுகொடுக்கும் பட்சத்தில், இரண்டேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. வன்தட்டையே பயன்படுத்துகிறேன். ஒரே ஒரு ஐயம்: படத்தொகுப்பு மென்பொருள் உண்டாக்கிய மிகச் சிறிய கோப்புகள் ஏறத்தாழ ஒரு லட்சம் இருக்கின்றன. அவற்றால் கணக்கு மாறுமா?

மறுமொழி 2

மாறும், ஆனால் உங்களுக்குப் பாதகமாக இராது. மேக்கிலும் விண்டோஸிலும் எழுத வசதியாக வன்தட்டை எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்வீர்கள் என்று கொள்கிறேன். இந்த அளவு வன்தட்டை விண்டோஸ் அம்முறையில் ஃபார்மட் செய்தால், இயல்பாக 1,31,072 பைட் கொண்ட கட்டங்களாகப் பிரிக்கும். 4 கேபி கோப்பும் ஒரு முழுக் கட்டத்தைப் பிடித்துக்கொள்ளும். ஒரு லட்சம் கோப்புகளுக்கு இப்படி வீணாகும் இடம் அதிகபட்சம் 1,311 கோடி பைட், அதாவது 13.1 ஜிபி. உங்களிடம் மிஞ்சுவதோ 60 ஜிபி. படியெடுத்த பின் விண்டோஸில் கோப்புறையின் பண்புகளைத் திறந்தால் கோப்புகளின் அளவும், வட்டில் அவை எடுத்துக்கொண்ட இடமும் தனித்தனியே, அடைப்புக்குறிக்குள் பைட் எண்ணிக்கையோடு தெரியும். இனி படங்களைச் சேர்க்கும்போது இடம் போதுமா என்று பார்க்க இரண்டாவது எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.