மறு: செயலியை நீக்கிய பின் எஞ்சுவனவற்றுக்குக் கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

> செயலியை நீக்கிய பிறகும் போனில் கிடப்பவற்றைக் 'குப்பைக் கோப்பு' என்றே சொல்லிவிடலாமே ஐயா, எல்லாருக்கும் உடனே புரியும்.

உடனே புரியும்தான், தவறாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் கவலை. குப்பை என்று பெயர் வைத்தால் யாருக்கும் அதை அழிக்கத்தான் தோன்றும். அங்கே கிடப்பதோ பல நேரம் பயனரின் சொந்தப் படம், பதிவுசெய்த குரல், இறக்கிவைத்த ரசீது.

ஆண்ட்ராய்டில் நடப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருவோம். நிறுவல் நீக்கும்போது செயலியின் நிரல் போகிறது. அதற்கென்றே ஒதுக்கப்பட்ட உள்சேமிப்பும் போகிறது: அமைப்புகள், தரவுத்தளம், கேச் எனும் தற்காலிகக் கோப்புகள் எல்லாம். கொடுத்திருந்த அனுமதிகளும் ரத்தாகின்றன. 'ஆண்ட்ராய்டு' கோப்புறைக்குள் 'டேட்டா' என்பதில் அந்தச் செயலியின் பெயரால் இருப்பதும் கூடவே போய்விடும். ஆனால் டவுன்லோடு, பிக்சர்ஸ் போன்ற பொதுக் கோப்புறைகளில் அது எழுதிவைத்தவை அப்படியே இருக்கும். அவை பயனரின் உடைமை என்று கருதியே ஆண்ட்ராய்டு அவற்றைத் தொடுவதில்லை. முன்பெல்லாம் செயலிகள் சேமிப்பின் மேல்மட்டத்திலேயே தம் பெயரில் கோப்புறை திறந்துகொண்டன. ஆண்ட்ராய்டு 11-இல் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டது. பழைய போன்களில் பெயர் தெரியாத கோப்புறைகள் குவிந்து கிடப்பது அந்தப் பழைய வழக்கத்தால்தான்.

> 'எச்சக்கோப்பு' எப்படி?

பொருள் சரி. ஆனால் இன்றைய பேச்சில் எச்சம் என்றதும் பறவைதான் முன்னே வருகிறது. குப்பையைத் தவிர்க்கப் போய் அதற்குப் பக்கத்திலேயே நிற்போம்.

என் பரிந்துரை: எஞ்சுகோப்பு. குடிநீர் போல வினைத்தொகை; எஞ்சிய, எஞ்சுகிற, எஞ்சும் என மூன்று காலத்துக்கும் பொருந்தும். நல்லது கெட்டது என்று எந்தத் தீர்ப்பும் அதில் இல்லை. வைத்துக்கொள்வதா அழிப்பதா என்பதைப் பயனர் பார்த்து முடிவு செய்யட்டும்.

இந்த வேரிலிருந்து அடுத்த சொல்லும் கிளைக்கும் என்பது எனக்குப் பெரிய வசதியாகப் படுகிறது. ஆண்ட்ராய்டு 10 முதல், செயலியை எழுதியவர் அதன் தரவு இழக்கக்கூடாதது என்று குறித்திருந்தால், நீக்கும்போது 'தரவை வைத்துக்கொள்ளவா' என்று கேட்கும். ஆம் என்றால் மிஞ்சுவது கோப்பு மேலாளரில் காணக்கூடிய கோப்பு அல்ல, உள்சேமிப்புத் தரவு. அதற்கு எஞ்சுதரவு. ஆண்ட்ராய்டு 6.0-இல் வந்த தானியங்கிக் காப்பும் உண்டு. செயலிக்கு 25 எம்பி வரை பயனரின் கூகுள் கணக்கில் ஏறும். மீண்டும் நிறுவினால் திரும்பி வரும். இதை எஞ்சுதரவில் சேர்க்கக்கூடாது என்பேன். அது போனில் எஞ்சியதன்று, முன்பே எடுத்த படி. 'காப்புப்படி' என்ற சொல்லே போதும்.

ஆண்ட்ராய்டு 15-இல் அமைப்பிலேயே சேர்ந்த 'காப்பகப்படுத்து' வேறு வகை. நிரலை நீக்கி, தரவையும் முகப்புப் படவுருவையும் விட்டுவைக்கிறது. திரும்பி வருவதற்கென்றே வைத்ததை எஞ்சியது என்று சொல்ல மனம் வரவில்லை. அதை 'இருத்திய தரவு' எனலாமா? இதில் எனக்கு முழு நிறைவில்லை. மேலான சொல் இருந்தால் தாருங்கள்.

> சேவையகத்தில் நிற்கும் கணக்குக்கு 'எஞ்சுகணக்கு' என்று நீட்டலாமே?

ஆவணங்களில் நீட்டலாம், திரையில் வேண்டாம். செயலியை நீக்கினால் கணக்கும் மூடிவிடும், சந்தாவும் நின்றுவிடும் என்று நம்பி மாதாமாதம் பணம் இழப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முன் புதுச்சொல்லை வைப்பது அநியாயம். அங்கே முழு வாக்கியமாகவே எழுதுவோம்: "இந்தச் செயலியை நீக்கினாலும் உங்கள் சந்தா தொடரும். நிறுத்த வேண்டுமானால் முதலில் சந்தாவை ரத்து செய்யுங்கள்."

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். எஞ்சுகோப்பு, எஞ்சுதரவு இரண்டையும் பட்டியலில் 'பரிசீலனையில்' என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்