அடுத்தடுத்த டோப்போஷீட்கள் (நில வரைபடத் தாள்கள்) சேரும் தையலில் பொருந்தவில்லை, வழி சொல்லுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். மதுரை, திருப்புவனம் பக்கம் தூர்ந்துபோன கண்மாய்களின் பழைய கரைகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் குறித்து வருகிறேன். அடிப்படை, சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய 1:50,000 தாள்களின் ஸ்கேன்: 58 கே/1, அதன் கிழக்கே 58 கே/5. மேலே ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்தின் நீர்நிலை வெக்டார் (கோடுகளாக உள்ள தரவு).

இரண்டு தாள்களையும் ஜியோரெஃபரன்சரில் (ஸ்கேனை அதன் உண்மையான இடத்தில் பொருத்தும் கருவி) 5 நிமிட அட்ச, தீர்க்கரேகைக் கோடுகள் வெட்டும் இடங்களில் புள்ளி வைத்து, முதல்படி பாலினாமியலில் (கோடுகளை வளைக்காமல் தாளை நகர்த்தி, சுழற்றி, நீட்டும் முறை) பொருத்தினேன். பிழை ஒரு பிக்சலுக்கும் குறைவு. ஆனாலும் இரு தாளும் சேரும் 78°15' தீர்க்கரேகைத் தையலில் வைகையின் கரைக்கோடு முறிந்து நிற்கிறது. இந்த அளவில் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்றால் தரையில் 50 மீட்டர். சின்னக் கண்மாய்க்கு அது பெரிய விஷயம்.

கே/1 வெக்டாரிலிருந்து முழுக்க ஒரே திசையில், ஒரே அளவு விலகுகிறது. அது எவரெஸ்ட் டேட்டம் (பழைய இந்தியத் தாள்களின் ஆயத்தொலை அடிப்படை) விவகாரம் என்றே நினைக்கிறேன். புள்ளிகளுக்கு இ.பி.எஸ்.ஜி 4146 (அந்தப் பழைய அமைப்புக்கான குறியீடு) கொடுத்துவிட்டு, அப்புறம் யூடிஎம் 44 வடக்குக்கு (மீட்டரில் அளக்கும் ஆயத்தொலை அமைப்பு) மாற்றினால் போதுமா?

கே/5 வேறு மாதிரி. வடக்கில் சரியாக உட்காருகிறது, தெற்கே போகப் போக விலகுகிறது. மடிப்பில் தாள் இழுபட்டிருக்கலாம். தின் பிளேட் ஸ்ப்ளைன் (எல்லாப் புள்ளியிலும் பொருந்தும்படி தாளை வளைக்கும் முறை) போட்டால் புள்ளிகளில் பொருந்தி, இடையில் கரைகள் நெளிகின்றன. அந்த நெளிவோடு பரப்பளவு கணக்கிட மனம் வரவில்லை.

தையலின் இருபுறமும் ஒரே பொதுப் புள்ளிகளை வைப்பதா, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் உள்ள பழைய பாலம், கோயில்களைப் பிடிப்பதா? இதே தாள்களில் வேலை செய்தவர்கள் உங்கள் முறையைச் சொன்னால் பெரிய உதவி. புள்ளிக் கோப்புகளைக் கேட்டால் உடனே தருகிறேன்.