சைரன் ஒலித்தால் ஒளிந்துகொள்ளும் தொழிலாளிக்கு எப்படிப் பயிற்சி அளிப்பது?

வணக்கம். திருப்பூரில் ஒரு பின்னலாடைத் தொழிற்கூடத்தின் பேக்கிங் பிரிவைக் கவனித்துவரும் எனக்கு, அறிவுசார் குறைபாடுள்ள தம்பி ஒருவரின் பாதுகாப்புக் குறித்து உங்கள் வழிகாட்டுதல் தேவைப்படுகிறது. பனியன்களைப் பிசகின்றி மடித்து அடுக்கும் அவர், சென்ற வாரத் தீ விபத்து ஒத்திகையில் சைரன் ஒலித்ததும் வெளியேறாமல், காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் ஒடுங்கிவிட்டார். அதற்கு முன்பு அயர்ன் பாக்ஸில் கை சுட்டதையும் அவர் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு வேளையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் அறிந்தோம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை அறிவிக்க வேண்டும் என்கிறது. பாதுகாப்பைக் காரணம் காட்டி அவரை வேலையிலிருந்து நிறுத்துவது நியாயமாகாது. வெளியேறும் வழியைப் படங்களால் கற்பித்தோ, சைரன் ஒலியைச் சிறிது சிறிதாகப் பழக்கியோ பயன் கண்ட சிறப்பாசிரியர்களும் பெற்றோரும் இருந்தால், எங்கிருந்து தொடங்குவது என்று தயவுசெய்து எழுதுங்கள்.