12 அங்குல சப்வூஃபருக்கு மூடிய பெட்டியா, போர்ட் பெட்டியா?

கேள்வி:
வணக்கம். என் ஹேட்ச்பேக் காரின் டிக்கியில் வைப்பதற்காக 12 அங்குல சப்வூஃபர் (தாழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) ஒன்றை வாங்கியுள்ளேன். உடன் வந்த தாளில் எஃப்எஸ் (ஸ்பீக்கரின் இயல்பான ஒத்ததிர்வெண்) 30 ஹெர்ட்ஸ், க்யூஇஎஸ் (அந்த ஒத்ததிர்வு மின்சார வழியில் எவ்வளவு அடங்குகிறது என்ற அளவு) 0.5, க்யூடிஎஸ் (மொத்தமாக எவ்வளவு அடங்குகிறது என்ற அளவு) 0.45, விஏஎஸ் (கோனின் பிடிப்புக்குச் சமமான விறைப்புள்ள காற்றின் கொள்ளளவு) 45 லிட்டர் என்று குறிப்பிட்டுள்ளார்கள். நான் அதிகம் கேட்பவை இளையராஜா பாடல்கள். பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாகக் காதில் விழ வேண்டும். கடைக்காரரோ போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த ரெடிமேட் பெட்டியை வாங்கச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில் 1:
எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுத்தால் 60 வருகிறது. இந்த எண் 50-ஐ ஒட்டி இருந்தால் மூடிய பெட்டியும், 100-ஐ ஒட்டி இருந்தால் போர்ட் பெட்டியும் பொருந்தும் என்பது பழகிய கணக்கு. ஆகவே உங்களுடையது மூடிய பெட்டிப் பக்கமே சாய்கிறது. ஏற்ற இறக்கமில்லாத ஒலிக்குரிய க்யூடிசி (பெட்டியில் பூட்டிய பிறகு வரும் க்யூடிஎஸ் மதிப்பு) 0.707 கிடைக்க, உட்புறக் கொள்ளளவு சுமார் 31 லிட்டர் போதும். அப்போது பெட்டியோடு சேர்ந்த ஒத்ததிர்வு 47 ஹெர்ட்ஸில் அமையும். பேஸ் கிட்டாரின் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். 47-க்குக் கீழே ஒலி குறையத்தான் செய்யும்; ஆனால் காரின் சிறிய உள்வெளி தாழ்ந்த அதிர்வெண்களைத் தானே தூக்கிக் கொடுத்து, அந்தக் குறையைப் பெருமளவு ஈடுகட்டிவிடும்.

பதில் 2:
போர்ட் பெட்டி, அதன் டியூனிங் அதிர்வெண்ணை (பெட்டியும் போர்ட்டும் சேர்ந்து ஒத்ததிரும் அதிர்வெண்) ஒட்டிய பகுதியில் கூடுதல் சத்தம் தரும் என்பது உண்மைதான். ஆனால் அந்த அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைத் தாங்கிப் பிடிக்கும் காற்றழுத்தம் இல்லாமல் போவதால், ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) மிகத் தாழ்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாவிட்டால் கோன் அளவு மீறி அலையும். இதை அறியாமல் எந்த அதிர்வெண்ணுக்கு டியூன் செய்தது என்றே தெரியாத ரெடிமேட் பெட்டியில் பூட்டி, ஒரே மாதத்தில் காயில் உரசும் சத்தத்தைக் கேட்டவன் நான். அந்தத் தவறு உங்களுக்கு வேண்டாம்.

பதில் 3:
18 மிமீ எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில், வெளி அளவு 46 × 36 × 28 செமீ வைத்துச் செய்யச் சொல்லுங்கள். உள்ளே 33.5 லிட்டர் இருக்கும். ஸ்பீக்கரின் காந்தமும் கூடையும் (உலோகச் சட்டமும்) அடைக்கும் இரண்டரை லிட்டர் அளவைக் கழித்தால் உங்கள் 31 லிட்டர் கிடைத்துவிடும். மூட்டுகளுக்குப் பசையும் ஸ்குரூவும் மட்டும் போதாது, உட்புறம் முழுவதும் சிலிக்கான் பூச வேண்டும். கார்பெட் ஒட்டுவதற்கு முன் 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, மூட்டுகளின் ஓரமாக ஊதுவத்தியைக் கொண்டுபோங்கள். எங்கே புகை துடிக்கிறதோ அங்கே காற்று கசிகிறது.